பாட்டி கொண்டுபோன போத்தல்

நாலாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை. எட்டாம் நாள் வந்தான். முகம் வாடியிருந்தது, ஆனால் வாய் ஓயவில்லை. "டீச்சர், எங்க பாட்டி போத்தலைக் கையோட கொண்டு போனதாலதான் நான் பொழைச்சேனாம்!" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

அன்று மாலையே அந்தப் பாட்டியைப் பார்க்கப் போனேன். நடந்தது இதுதான்.

பையனின் தகப்பனார் வீட்டுக்குப் பின்னால் மிளகாயும் கத்தரியும் போட்டிருக்கிறார். செடிக்கு அடிக்க மெலத்தியான் என்னும் பூச்சி மருந்து வாங்கினார். டின்னில் மிஞ்சியதை ஒரு மினரல் தண்ணீர் போத்தலில் ஊற்றி, சமையலறைக் கதவோரம் வைத்தார். அதே இடத்தில்தான் குடிக்கிற தண்ணீர்ப் போத்தல்களும் வரிசையாக நிற்கும். பந்து விளையாடிவிட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்த பிள்ளை, எட்டிய போத்தலை எடுத்து ஒரு மிடறு விழுங்கிவிட்டான். இரண்டாம் மிடற்றைத் துப்பினான்.

பாட்டி பார்த்துவிட்டார். பேரனைத் திட்டவில்லை. புளித்தண்ணீர் கரைக்கவில்லை. அண்டை வீட்டுக்காரரைக் காடி எடுக்கச் சொல்லிவிட்டு, அந்தப் போத்தலையும், கொட்டகையில் கிடந்த பழைய டின்னையும் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஏறினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பையனுக்கு வாயில் எச்சில் ஒழுகியது, உடம்பு வியர்த்தது, வாந்தி வந்தது. டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தபோது கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

"பாட்டி, என்ன குடிச்சான்?"

"இதைத்தான் ஐயா. இது ஊத்தி வச்ச போத்தல். இது வாங்கின டின்னு. எம்மவன்தான் ஊத்தி வச்சான். தப்பு எங்களோடது."

டாக்டர் டின்னில் இருந்த பெயரைப் படித்தார். அந்த வகை விஷத்துக்கு அட்ரோபின் என்னும் ஊசி மருந்து இருக்கிறது. உடனே போட்டார்கள். பிள்ளை பிழைத்தான்.

மகனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று பாட்டி தயங்கியிருந்தால்? "ஏதோ தின்னுட்டான், வாந்தி எடுக்கிறான்" என்று மட்டும் சொல்லியிருந்தால்? இந்தக் கேள்வி என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. காரணம், அப்படி மறைத்த ஒரு வீட்டை என் சிறு வயதிலேயே நான் பார்த்திருக்கிறேன்.

சொல்லாமல் போன நான்கு நாள்

இப்போது நான் தெங்கேராவில் குடியிருந்தாலும், பிறந்து வளர்ந்தது ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். என் தாயார் மருந்தடிக்கும் வேலை செய்தவர். விடியுமுன் பெரட்டுக்குப் போவார். நான்கு கேலன் தோம்பை முதுகில் சுமந்துகொண்டு, வரிசை வரிசையாகப் புல்லுக்கு மருந்தடிப்பார். மாலையில் திரும்பும்போது ரவிக்கை முதுகில் நீலக்கறை படிந்திருக்கும். சில நாள் மூக்கில் இரத்தம் வரும். நகங்கள் நிறம் மாறி உரியும். "வேலைன்னா அப்படித்தான்" என்பார்.

அந்த மருந்து ஸ்டோரில் மட்டும் இருக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் புல் அழிக்கவென்று கிச்சாப் போத்தலிலும் சிரோப் போத்தலிலும் வீட்டுக்கு வந்தது. அடுப்படிப் பலகைக்குக் கீழே எண்ணெய்ப் போத்தலோடு போத்தலாக நின்றது.

1988-இல் எனக்கு ஒன்பது வயது. அடுத்த வீட்டில் ஓர் அக்கா இருந்தார். எனக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். ஒருநாள் வீட்டில் ஏதோ சண்டை. கோபத்தில் அந்தப் போத்தலை எடுத்து விழுங்கிவிட்டார். வீட்டார் பதறிப்போய் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். "ஒன்றுமில்லை, தப்பித்தது" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும். தங்கைக்கு மாப்பிள்ளை வராது. மறுநாள் டிரசர் வந்தபோது "வாய்ப்புண்" என்றார்கள். அவரும் வாய்க்குப் பூசும் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அந்த அக்கா நடமாடினார். அரிசி புடைத்தார். எனக்குத் தலையும் பின்னினார். மூன்றாம் நாள் நாக்கும் உதடும் உரிந்தன, சிறுநீர் நின்றது. நாலாம் நாள் மூச்சு வாங்கியது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் உண்மையைச் சொன்னார்கள். என் தாயார் பார்க்கப் போனபோது, கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, நான் சாகணும்னு குடிக்கல. என்னைக் காப்பாத்தச் சொல்லுங்க" என்றாராம். ஒன்பதாம் நாள் அவர் உடல்தான் லயத்துக்குத் திரும்பியது.

அன்றே சொல்லியிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று நான் கூறமாட்டேன். அந்த விஷம் அப்படிப்பட்டது. ஆனால் இருந்த ஒரே வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் இருந்தது. அந்த நேரத்தை நாம் வாய்மூடியே கழித்தோம்.

கோலா நிறத்தில் வந்த எமன்

அந்த மருந்தின் பெயர் பாராகுவாட். நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சே யான் என்பவர் ரப்பர் பயிரிட்ட காலத்திலிருந்து, தோட்டக்காரர்களுக்கு லாலானோடு போர்தான். ஒரு காலத்தில் சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாணத்தை அடித்தார்கள். 1962-இல் சந்தைக்கு வந்த பாராகுவாட் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இலையில் பட்டால் ஓரிரு நாளில் புல் கருகும். மண்ணைத் தொட்டதும் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு வேகம் இழந்துவிடும். விவசாயத்துக்கு வரம் என்றார்கள்.

மனித உடம்புக்கோ அது வரமன்று. நுரையீரல் அதைத் தனக்கு வேண்டிய சத்தென்று தவறாக எண்ணி உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. முதலில் வாய் வேகும். பிறகு சிறுநீரகம் கெடும். கடைசியில் நுரையீரல் தழும்பேறி இறுகும். இன்றுவரை இதற்கு நிச்சயமான முறிமருந்து கிடையாது. சீக்கிரம் போனால், கரித்தூளோ ஒருவகைக் களிமண்தூளோ கரைத்துக் கொடுத்து, குடலில் இருப்பதை ஒட்டவைத்து வெளியேற்றப் பார்ப்பார்கள். தாமதமானால் அதற்கும் பயனில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மூச்சு முட்டுகிற நோயாளிக்கு ஆக்சிஜன் வைப்பது வழக்கம். பாராகுவாட் விழுங்கியவருக்கு அவசரப்பட்டு ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும். உடம்பில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தால்தான் அளந்து கொடுப்பார்கள். "ஆஸ்துமா" என்று நாம் பொய் சொன்னால், டாக்டர் நல்லெண்ணத்தோடு செய்யும் வைத்தியமே கேடாகலாம். மறைப்பது மானத்தைக் காப்பதில்லை, உயிரைப் பறிப்பது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தொடக்கத்தில் இந்த மருந்து கோலா பானத்தைப் போலப் பழுப்பாக இருந்தது. பான போத்தலில் ஊற்றி வைத்ததைப் பானமென்றே குடித்துப் பல நாடுகளில் மக்கள் மாண்டார்கள். அதன் பிறகுதான், 1970, 80-களில், நீலப்பச்சைச் சாயமும், துர்நாற்றமும், வாந்தி வரவைக்கும் பொருளும் சேர்த்தார்கள். என் தாயாரின் ரவிக்கையில் கண்ட நீலக்கறை அந்த எச்சரிக்கைச் சாயம்தான்!

தடை வந்தது, போனது, வந்தது

மருந்தடிக்கும் பெண்களின் துயரம் நீண்டநாள் வெளியே வரவில்லை. 2002-இல் தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் அமைப்பும் சேர்ந்து, தோட்டப்புறப் பெண்களின் நிலையை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. தெனாகானித்தாவை வழிநடத்திய ஐரீன் பெர்னாண்டஸ் தாமும் தோட்டத்தில் பிறந்தவர். மூக்கில் இரத்தம், உரியும் நகம், எரியும் தோல் என்று என் தாயார் "அப்படித்தான்" என்று ஒதுக்கியவற்றையெல்லாம் மற்றப் பெண்கள் வாய்திறந்து சொன்னார்கள்.

அதே 2002 ஆகஸ்டில் நம் நாடு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் தடை விலக்கப்பட்டது. நெடிய வாதங்களுக்குப் பிறகு 2020 ஜனவரி முதல் நாள் மீண்டும் முழுத்தடை வந்தது.

"அப்படியானால் ஆபத்து தீர்ந்ததே" என்று நினைக்காதீர்கள். கொட்டகை மூலையில் பழைய கலன் கிடக்கலாம். அதன் இடத்துக்கு வேறு மருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றுள் குளுபோசினேட் என்னும் களைக்கொல்லியை விழுங்கியவர், முதலில் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். பிறகு திடீரென்று வலிப்பு வந்து நினைவிழப்பார். "பார்க்க நல்லாத்தானே இருக்கான்" என்று வார்டிலிருந்து அழைத்து வந்துவிட்டால் அவ்வளவுதான். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட், தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். உள்ளே போனால் தொண்டையையும் குடலையும் வேகவைக்கும். இவை போதாதென்று எலி மருந்து, மண்ணெண்ணெய், கழிவறை கழுவும் திரவம். தோட்டத்து வீட்டில் மட்டுமா? தெங்கேராவில் என் தெருவிலேயே, கம்பத்தில் உள்ள டுரியான் தோப்புக்கென்று வாங்கிய களைமருந்து, காடி கழுவும் சோப்புக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலில் நிற்கிறது!

கைக்கு எட்டாவிட்டால் உயிர் மிஞ்சும்

சாகத் துணிந்தவரை யார் தடுக்க முடியும் என்று சிலர் கேட்பார்கள். தடுக்க முடியும் என்று காட்டிய நாடு இலங்கை. நம் உறவுக்காரர்கள் தேயிலை பறிக்கும் அதே தீவு.

1990-களில் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. பெரும்பாலும் பூச்சிமருந்தால்தான். அரசு 1995-இல் மிகக் கொடிய மருந்துகளை நிறுத்தியது. 1998-இல் எண்டோசல்பானை நிறுத்தியது. 2008 முதல் 2011 வரை பாராகுவாட் முதலான மூன்றைப் படிப்படியாக நிறுத்தியது. 1995-க்கும் 2015-க்கும் இடையே தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. இதனால் சுமார் 93,000 உயிர்கள் மிஞ்சின என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். விளைச்சல் குறைந்ததா? இல்லை.

அந்த நாட்டில் துக்கம் குறைந்துவிட்டதா? வீட்டுச் சண்டையும் கடனும் இல்லாமல் போய்விட்டனவா? இல்லையே! கோபம் வந்த அந்த ஒரு நாழிகையில் கைக்கு எட்டியது கொடிய விஷமாக இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் அந்த வழிக்குத் திரும்புவதில்லை. என் அக்காவும் சாக விரும்பியவர் அல்லர். அடுப்படிப் பலகைக்குக் கீழே அன்று அந்தப் போத்தல் இல்லாதிருந்தால், அழுது தூங்கி, விடிந்ததும் எனக்குத் தலை பின்ன வந்திருப்பார்.

தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் இன்னொரு வழியைச் செய்துபார்த்தார்கள். சென்னையின் சிநேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும், ஊருக்குப் பொதுவாக ஒரு மருந்துக் காப்பறை கட்டினார்கள். வங்கியில் நகை வைப்பதுபோல, விவசாயிகள் தங்கள் பூச்சிமருந்தை அங்கே பூட்டி வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொண்டார்கள். நகைக்குப் பூட்டுப் போடும் நாம் நஞ்சுக்கும் ஒரு பூட்டுப் போட்டால் என்ன? தோட்டத்தில் ஸ்டோர் இருக்கிறது. சிறு தோட்டக்காரர்கள் நான்கு வீடு சேர்ந்து, வீட்டை விட்டு விலகி ஓர் இரும்புப் பெட்டி வைக்கலாம்.

போலீஸ் பயம் இனி வேண்டாம்

அன்று அந்த வீட்டார் வாய்மூடியதற்கு முதல் காரணம் போலீஸ் பயம். அது வீண் பயமும் அன்று. தற்கொலைக்கு முயல்வது நம் நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு அது. 2023-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. இன்று விஷம் விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் நோயாளியே தவிர குற்றவாளி அல்லர். இந்தச் செய்தி நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கு இன்னும் எட்டவில்லை. தயவுசெய்து எட்டச் செய்யுங்கள்.

மனம் உடைந்தவர்கள் பேச 15999 என்ற தாலியான் காசே எண்ணும், சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணும் இருக்கின்றன. அதைவிட முந்தியது, பக்கத்து வீட்டுத் திண்ணை. பக்கத்தில் ஒருவர் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் முகம் திருப்பிக்கொண்டிருந்தால், போய் உட்கார்ந்து "என்னம்மா?" என்று கேளுங்கள்.

நேர்ந்துவிட்டால் என்ன செய்வது?

பெற்றோர்களே, இந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவைத்தாலும் தகும்.

1. விஷத்திலிருந்து ஆளை விலக்குங்கள். உடுப்பில் பட்டிருந்தால் கழற்றுங்கள். தோலைச் சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். கழுவுகிறவர் தம் கையிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளி, சாணிக் கரைசல் எதுவும் வேண்டாம். ஆசிட் மேலே வரும்போது தொண்டையை மறுபடி சுடும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போகும். உப்பே அதிகமானால் விஷம்.

3. நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

4. 999-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த காடியில் உடனே புறப்படுங்கள். "நல்லாத்தானே இருக்கான்" என்று ஒரு மணி நேரம்கூடப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

5. போத்தல், டின், பொட்டலம் எதுவானாலும் கையோடு கொண்டுபோங்கள். எப்போது விழுங்கினார், எவ்வளவு, வீட்டில் என்ன கொடுத்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய விஷ மையம் இருக்கிறது. டாக்டர்கள் அங்கே கேட்டுத் தெளிவு பெறலாம். ஆனால் அவர்களுக்கும் மருந்தின் பெயர் வேண்டுமல்லவா?

6. டாக்டர் அனுப்பும்வரை வார்டை விட்டு அழைத்து வராதீர்கள்.

வருமுன் காக்க வழி இதைவிட எளிது. மருந்தை அது வந்த கலனிலேயே வையுங்கள், பெயர்த்தாளைக் கிழிக்காதீர்கள். குடிக்கும் போத்தலில் ஒரு துளியும் ஊற்றாதீர்கள். பூட்டி வையுங்கள், சாவி உயரத்தில் இருக்கட்டும். வேலைக்கு வேண்டிய அளவே வாங்குங்கள். காலியான கலனைத் துளையிட்டு விடுங்கள். கழுவித் தண்ணீர் பிடிக்காதீர்கள். மருந்தடித்த உடுப்பைப் பிள்ளைகள் உடுப்போடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

இப்போது எங்கள் வகுப்பில் ஒரு பாடம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. புத்தகத்தில் இல்லாத பாடம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய், பெயரில்லாத போத்தல் எத்தனை இருக்கிறது என்று அம்மா அப்பாவோடு சேர்ந்து பார்த்து எண்ணி வரவேண்டும், தொடக்கூடாது. முதல் நாள் இருபத்திரண்டு பிள்ளைகள் கொண்டுவந்த கணக்கைக் கூட்டினேன்: முப்பத்தொன்று! அடுத்த வாரம் ஒன்பது. அதற்கடுத்த வாரம் இரண்டு. அந்த இரண்டும் யார் வீட்டில் என்று நான் கேட்கவில்லை, தாமாகவே மறைந்துவிட்டன.

பாட்டியிடம் விடைபெறும்போது, "மகனைப் பத்தி டாக்டரிடம் சொல்ல உங்களுக்குப் பயமாக இல்லையா பாட்டி?" என்று கேட்டேன்.

"பயந்தான் டீச்சர். மகன் கோவிச்சுக்குவான்னு பயம்," என்றார். "கோவிச்சா நாலு நாள் பேசமாட்டான். பேரன் போயிட்டா?"

அதற்கு மேல் நான் என்ன எழுத?